ஃப்ரீபிஎஸ்டியில் ரஸ்ட்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வேளச்சேரி வீட்டில் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் நான் எழுதுவதும், எழுதியதை இயங்கும் நிரலாகத் தொகுப்பதும் யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில்தான். ரிச்சி தெருவில் வாங்கிச் சேர்த்த பாகங்களால் ஆன கணினி, 16 ஜிபி ரேம். இதை மாற்றும் எண்ணமே இல்லை.

நிரலைத் தொகுக்கும் ரஸ்ட் கம்பைலர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கான ஃப்ரீபிஎஸ்டியை ரஸ்ட் திட்டம் இரண்டாம் படிநிலையில் வைத்திருக்கிறது. அதாவது, கம்பைலர் தொகுக்கப்பட்டு வெளிவரும் என்பது உறுதி. எல்லாச் சோதனைகளிலும் தேறும் என்பதற்கு உறுதி கிடையாது. அதனால் எனக்கு இடையூறு நேர்ந்ததில்லை. தொல்லை வருவது மற்றவர்கள் எழுதித் தரும் வெளி நூலகங்களிலிருந்து (ஆயத்த நிரல் தொகுதிகள்). லினக்ஸை மட்டும் மனத்தில் வைத்து எழுதியவர்கள் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபையை நேரடியாக அழைத்துவிடுகிறார்கள். உள்ளீடு, வெளியீட்டை விரைவாக்கும் லினக்ஸின் ஐஓ யூரிங் இல்லாமல் சில நூலகங்கள் நகர்வதே இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் இத்தகைய நிகழ்வுகளை அறிவிக்க நெடுங்காலமாக இருப்பது 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்ட கேக்யூ. ரஸ்ட் நெட்வொர்க் நிரல்கள் பலவும் சார்ந்திருக்கும் டோக்கியோ நூலகத்துக்கு அடியில் இயங்கும் மியோ என்ற நூலகம் அதை நன்றாகவே கையாள்வதால், நெட்வொர்க் நிரல்கள் பெரும்பாலும் ஒரு வரிகூட மாறாமல் ஓடுகின்றன.

நான் மிகவும் மதிப்பது ஃப்ரீபிஎஸ்டியின் பழையதைக் கைவிடாத குணத்தை. 2018 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பு, கோப்புகளை அடையாளம் காட்டும் ஐநோட் எண்களை 64 பிட்டாக விரித்தது. ரஸ்ட்டின் நூலகமோ அதன் பிறகும் பல ஆண்டுகள் 11-ஆம் பதிப்பின் அமைப்புகளையே அழைத்துக்கொண்டிருந்தது. பழைய அழைப்புகளுக்கும் ஃப்ரீபிஎஸ்டியின் சி நூலகம் இடம் வைத்திருந்ததால் நிரல்கள் உடையவில்லை.

நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃப்ரீபிஎஸ்டியின் நிறுவல் கருவியான பிகேஜி இயல்பாகத் தரும் ஆயத்தத் தொகுப்புகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிரிக்கப்படும் காலாண்டுக் கிளையிலிருந்து வருபவை. புதிய நூலகங்கள் கேட்கும் கம்பைலர் பதிப்பு அதில் இல்லாமல் போகலாம். அன்றாட வேலைக்கு ரஸ்ட் திட்டத்தின் சொந்த நிறுவியான ரஸ்டப்பே சரி. முடிந்த நிரலைத் தூய சூழலில் தொகுத்துப் பார்க்க ஒரு ஜெயிலும் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த தனிச் சூழல்) அதற்குள் பிகேஜியின் ரஸ்ட்டும் போதும். ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் திரட்டு வழியாக ரஸ்ட்டையே மூலத்திலிருந்து தொகுப்பது நினைவகத்தையும் நேரத்தையும் விழுங்கும். மே மாத மதியத்தில் வேண்டவே வேண்டாம்.

கோடையில் மின்சாரம் திடீரென்று போகும்போது இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் அருமை தெரிகிறது. கடைசிச் சில நொடி எழுத்துகள் போகலாம், கோப்பு முறைமை குலைவதில்லை. ஆனால் ரஸ்ட்டின் தொகுப்புக் கருவியான கார்கோ, தொகுத்த கோப்புகளை இடும் டார்கெட் அடைவைத் தனி டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ்ஸின் தனிப் பகுதி) வைத்து, ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு கணத்தின் நிலையைப் பிடித்து வைக்கும் பதிவு) விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழித்த தொகுப்புக் கோப்புகளையும் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்து வைத்துக்கொண்டு வட்டை நிரப்பிவிடும்.