எண்ணெய் குடித்த எஞ்சினும் அளந்து பார்த்த பட்டறையும்

என்னுடைய 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எஞ்சின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. முதலில் காட்டிய இடத்தில், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, சிலிண்டரைப் போர் செய்து (உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி) பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல், மதுரையில் நண்பர் சொன்ன சிறிய பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதலில் கேட்டது, புகை எப்போது வருகிறது என்பதைத்தான். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்து அடங்கினால் அது இரவில் வால்வ் சீல் (வால்வ் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியே இறங்கிய எண்ணெயாக இருக்கலாம் என்றும், ஏற்றத்தில் முறுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். பிளக்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தார். மரைகளில் கறுத்த எண்ணெய் ஈரமாகப் படிந்திருந்தது. த்ராட்டிலை முழுவதும் திறந்து கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்தபின், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் இரண்டாம் முறை முள் நன்றாக ஏறும். இங்கு அது ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. ஹெட்டைப் பிரித்தபோது, வால்வ் சீலின் ரப்பர் நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்கு இறுகியிருந்தது. வால்வ் ஏறி இறங்கும் குழாயான கைடில் ஆட்டம் இல்லை என்பதை, என்னையே வால்வை அசைத்துப் பார்க்கச் சொன்ன நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சீல்களும் கேஸ்கெட்டும் மட்டுமே மாறின. வேலைக்கு மூன்று நாள் பிடித்தது, ரசீதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 500 கிலோமீட்டர் ஓட்டியபின் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் இறங்கவில்லை.