‘நமக்குள் எதற்கம்மா காகிதம்?’ என்று கேட்பவரிடம் அறை எடுக்காதீர்கள்

அழகுக்கலை படித்து முடித்துவிட்டு, சொந்தமாக ஓர் அறை கிடைத்தால் போதும் என்று சிங்கப்பூரின் தேக்கா பக்கம் கடை கடையாக ஏறி இறங்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 ஜூலையில் நானும் அப்படித்தான் ஏறி இறங்கினேன். அக்டோபரில் என் கட்டிலும் கருவிகளும் உள்ளே கிடக்க, கதவில் புதுப் பூட்டு தொங்கியது. போனது என் பணம் மட்டும் என்றால் இவ்வளவு கொதிக்க மாட்டேன். என்னை நம்பி முன்பணம் கட்டிய ஐந்து பெண்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்க வைத்தார்களே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

கடையின் பெயரையும் அதை நடத்திய அம்மாவின் பெயரையும் எழுதப்போவதில்லை. பிரச்சினை இன்னும் முடியவில்லை. ஆனால் நடந்த விதத்தை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். என்னோடு படித்த இருவருக்கும் வேறு இடங்களில் ஏறக்குறைய இதே விதமாக நடந்திருக்கிறது.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் படிக்கச் சேர்ந்தேன். திறன் பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருந்த 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போக, மீதிக் கட்டணம் முழுவதும் வீட்டுச் சேமிப்பு. மே மாதம் தேர்ச்சி பெற்றேன். மேல்தோலின் ஐந்து அடுக்குகளையும் வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். புதுக் களிம்பை முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க வேண்டும், ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியைக் கிருமி நீக்காமல் அடுத்தவரிடம் கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார்கள். ஒருவரிடம் அறை வாடகைக்கு எடுக்கும்போது எந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் ஒருவரும் சொல்லவில்லை. இது பாடத்திட்டத்தில் இருக்க வேண்டிய விஷயம். படித்து வெளியே வரும் பெண்களில் பலர் முதலில் தேடுவது அறையைத்தானே?

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது அந்த அழகு நிலையம். நடத்தியவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். போன முதல் நாளே கீழ்க்கடையிலிருந்து தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பின்பக்கத்து அறைக்கு மாதம் 850 வெள்ளி. இரண்டு மாத வைப்புத்தொகை 1,700. துண்டு சூடாக்கும் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பயன்படுத்த ஒரே தடவையாக 600. ஆக முதல் நாளே 3,150 வெள்ளி கைமாறியது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் வாடகையில் அடக்கம், ஞாயிற்றுக்கிழமையும் வரலாம், நேராகக் கடைக்கு வருபவர்களில் ஃபேஷியல் கேட்பவர் எல்லாரும் உனக்குத்தான் என்றார். இவற்றில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை.

எழுத்தில் இருந்தது ஒரே ஒரு பக்கம். 12 மாதம், தொகை, இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான். கடையின் பதிவு எண் இல்லை, கட்டட உரிமையாளரைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இடம் யாருடையது அக்கா?" என்று நான் கேட்காமல் இல்லை. "அது என் பாடு. நீ என் தங்கை மாதிரி. நமக்குள் எதற்கம்மா காகிதம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். மூத்தவர் ஒருவர் தங்கை என்று சொன்ன பிறகு காகிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். அவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

அடுத்ததுதான் பெரிய தவறு. ஆறு ஃபேஷியல்களைச் சேர்த்து 480 வெள்ளிக்கு ஒரு தொகுப்பாகக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். "வாடிக்கையாளர்கள் கடையின் பேநவ் எண்ணுக்கே கட்டட்டும், மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துத் தருகிறேன்" என்றார். பேநவ் என்பது கைபேசியிலேயே வங்கிப் பணம் அனுப்பும் முறை. நான் 115 வெள்ளி கட்டி, தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் என் தொழிலைப் பதிவு செய்து வைத்திருந்தேன். எனக்கென்று தனி வங்கிக் கணக்கும் இருந்தது. இருந்தும் ஒத்துக்கொண்டேன். வைப்புத்தொகை அனுப்பிய அன்றே பேநவ் திரையில் வேறொருவர் பெயர் வந்தது. கேட்டதற்குத் தம்பி மனைவியின் பெயர் என்றார். திரையில் வரும் அந்தப் பெயரை நீங்கள் சாதாரணமாக எண்ணாதீர்கள். யாரோடு ஒப்பந்தமோ, அவர் பெயர் அங்கே வரவில்லை என்றால் பணத்தை அனுப்பாதீர்கள்.

செப்டம்பருக்குள் ஐந்து பேர் தொகுப்பு எடுத்துவிட்டார்கள். மொத்தம் 2,400 வெள்ளி. அதில் என் கைக்கு வந்தது 700. தீபாவளிக் கூட்டம் முடியட்டும், ஒன்றாகத் தருகிறேன் என்பார்.

இதற்கிடையில் வேறு அறிகுறிகளும் இருந்தன. கடைச் சாவியை ஒரு நாளும் என்னிடம் கொடுத்ததில்லை. கல்லாவுக்குக் கீழே பிரிக்காத கடித உறைகள் அடுக்காகக் கிடந்தன. சட்டையை உள்ளே விட்டு, கையில் கோப்போடு ஓர் ஆள் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் என்னைத் துண்டு மடிக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டார் அக்கா. ஒரு நாள், வருகிற பெண்களுக்கு எண்ணெய் வைத்து உடற்பிடிப்பும் செய்துவிடு, காசு நன்றாக வரும் என்றார். உடற்பிடிப்புச் சேவை தரும் இடத்துக்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். உரிமம் எங்கே என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். நான் செய்ய மறுத்துவிட்டேன். அந்த ஒரு விஷயத்திலாவது என் புத்தி வேலை செய்தது. உரிமம் இல்லாத இடத்தில் உங்களை அந்த வேலை செய்யச் சொன்னால், அன்றே அந்தக் கடையை விட்டு வெளியேறுங்கள்.

அக்டோபர் 14, திங்கட்கிழமை. தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது. சாலை முழுவதும் அலங்கார விளக்கு, நடைபாதையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். வருடத்தில் எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய காலம் இல்லை. காலை பத்தரைக்கு ஒரு வாடிக்கையாளர், பன்னிரண்டுக்கு இன்னொருவர். படியேறிப் போனால் கதவின் கைப்பிடிகளைச் சேர்த்துச் சங்கிலி போட்டு, பித்தளைப் பூட்டுத் தொங்குகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: வாடகை பாக்கிக்காக இடத்தைக் கட்டட உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்ற அறிவிப்பு. கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி உண்டு. அதில் முகத்தை வைத்துப் பார்த்தேன். என் அறைக் கதவு திறந்தே இருந்தது. சனிக்கிழமை மாலை நான் விரித்துவிட்டுப் போன வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கமும் இல்லாமல் அப்படியே கட்டிலின்மேல் இருந்தது. பெரிதாக்கிக் காட்டும் விளக்கின் கழுத்து நான் மடக்கி வைத்தபடியே நின்றது.

பத்தரை மணி வாடிக்கையாளர் பின்னாலேயே வந்துவிட்டார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. தாளை ஒரு முறை படித்தார். என்னை ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து, "முதலில் குடிம்மா" என்றார். அவருக்கு இன்னும் நான்கு ஃபேஷியல் பாக்கி இருந்தது.

அக்காவின் தொலைபேசி அன்று முழுவதும் அணைந்திருந்தது. தாளில் இருந்த எண்ணை அழைத்தபோது, கட்டட உரிமையாளரின் முகவர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் ஆவணங்களில் உங்கள் பெயரே இல்லையே என்றார். அக்காவே அங்கே ஒரு வாடகைதாரர்தான். உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி இல்லை. அவருடைய குத்தகை செப்டம்பருடன் முடிகிறது, நீட்டிக்கப்போவதில்லை என்று ஜூன் மாதமே எழுத்தில் தெரிவித்திருக்கிறார்கள். நான் 12 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டது ஜூலையில். மூன்று மாதம்கூடத் தன் கையில் இல்லாத இடத்தை ஓர் ஆண்டுக்கு எனக்கு விற்றிருக்கிறார். தெரியாமல் நடந்த பிழை இல்லை இது.

கருவிகளை மீட்க ஒன்பது நாள் ஆனது. ரசீது இருந்தவற்றை உடனே தந்துவிட்டார்கள். கட்டில் மட்டும் கரோசல் இணையச் சந்தையில் பழையதாக வாங்கியது, ரசீது இல்லை. விற்றவரோடு பேசிய செய்திகளையும் பணம் அனுப்பிய பதிவையும் காட்டிய பிறகுதான் வெளியே விட்டார்கள். வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படமாவது எடுத்து வையுங்கள், துண்டு உட்பட.

இனி, எங்கே போய் முறையிடுவது? நான் அலைந்து தெரிந்துகொண்டதை நீங்கள் அலையாமல் தெரிந்துகொள்ளுங்கள். காவல்துறையில் புகார் எழுதிக்கொண்டார்கள், ஆனால் இது சிவில் விவகாரம் என்றார்கள். பயனீட்டாளர் சங்கம் பயனீட்டாளருக்கானது. தொழில் செய்பவருக்கும் தொழில் செய்பவருக்கும் இடையிலான சச்சரவை அவர்கள் எடுப்பதில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளிவரை விசாரிக்கும், வழக்கறிஞரும் தேவையில்லை என்பதால் அதைத்தான் பெரிதும் நம்பினேன். ஆனால் அங்கே குத்தகை என்றால் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வீட்டுக் குத்தகை மட்டும்தான். கடை அறை வாடகை அங்கே வராது. சில்லறை வணிக இடங்களுக்கென்று 2024 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் நடத்தை விதிமுறையும் ஓர் ஆண்டைத் தாண்டிய குத்தகைகளுக்குத்தான். என்னுடையது சரியாக 12 மாதம். மிச்சம் இருப்பது 60,000 வெள்ளிவரையிலான வழக்குகளை எடுக்கும் மஜிஸ்திரேட் நீதிமன்றம். அங்கே போவதற்கு முன், சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். அந்த வழக்கறிஞர் தாளைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "முத்திரைத் தீர்வை கட்டினீர்களா?"

ஒப்பந்தத்துக்குக் கட்டும் வரி அது. அப்படி ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது. நான்கு ஆண்டுக்கு உட்பட்ட குத்தகை என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. என் கணக்கில் 10,200 வெள்ளிக்குச் சுமார் 40 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்டிவிட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு அபராதத்தோடு கட்டினேன். 40 வெள்ளிதானே என்று நினைக்காதீர்கள். முத்திரையிடுவோம் என்று நீங்கள் சொல்லும்போதே, வாடகைக்கு விட உரிமை இல்லாதவரின் முகம் மாறும். அதற்காகவே சொல்லிப் பாருங்கள்.

அறையைப் பார்க்கப் போகும்போது அதன் அழகில் மயங்காமல், கடைக்காரருக்கும் கட்டட உரிமையாளருக்கும் இடையிலான குத்தகையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் முடியும் தேதியைப் பாருங்கள். உள்வாடகைக்கு விட உரிமையாளர் தந்த சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகைக்கு எடுத்த கடையென்றால், வீவகவின் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. கடை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அக்ராவின் பதிவேட்டில் சில வெள்ளிக்குப் பார்க்கலாம். நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. அங்கேயும் அக்காவின் பெயர் இல்லை. வாடிக்கையாளரின் பணம் உங்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும், ஒரே ஒரு நாளைக்குக்கூட வேறு கணக்குக்குப் போகக் கூடாது. காகிதங்களைக் காட்ட மறுப்பவர் அக்காவாக இருந்தாலும், ஒரே ஊர்க்காரராக இருந்தாலும், கோயிலில் வாரம் தவறாமல் பார்ப்பவராக இருந்தாலும், கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

வழக்கறிஞர் சொன்னபடி கோரிக்கைக் கடிதம் அனுப்பியதில் 500 வெள்ளி வந்தது. மீதிக்கு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யக் காகிதங்களைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். இப்போது வீட்டிலேயே ஓர் அறையில் வேலை செய்கிறேன். முகப் பராமரிப்பு போன்ற சிறு தொழில்களை வீட்டில் செய்ய வீவக தனி அனுமதி கேட்பதில்லை. வெளியாட்களை வேலைக்கு வைக்கக் கூடாது, பெயர்ப்பலகை வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இருக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அறை தேடுவதற்கு முன் இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

பூட்டுப் போட்ட அன்று ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதினேழு ஃபேஷியல் பாக்கி. ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கட்டணமின்றிச் செய்து தருகிறேன் என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பதினாறு முடிந்துவிட்டது. ஆசிரியையின் கடைசி ஃபேஷியல் வருகிற சனிக்கிழமை காலை பத்தரைக்கு.