லாச்சப்பல் கடையில் ஒரு முருங்கைக்காய் ஒரு யூரோ

எங்கள் லு மான் நகரத்துச் சீனக்கடையில் இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் உண்டு. கறுவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் பாரிஸ்தான் போக வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தெஜேவே அதிவேக ரயிலில் பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையம் போய், நாலாம் நம்பர் மெத்ரோவில் கார் து நோரில் இறங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிக்கு நடப்பேன். ஏழு வருடமாக ஒரே கடை. வாசலில் வாழைக்குலை தொங்கும், உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் விலக வேண்டும்.

முதலில் தூளைச் சொல்ல வேண்டும். வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூள், கிலோ 14 யூரோ. விலை கூடத்தான். வேறொரு கடையில் 9 யூரோவுக்கு வாங்கிப் பார்த்தேன், நிறம் இருந்தது, வாசம் இல்லை. இந்தப் பையைத் திறந்தவுடனேயே பெருஞ்சீரகமும் கறுவேப்பிலையும் வறுபட்ட மணம் எழும். இரண்டு கரண்டி போடும் கறிக்கு ஒன்றரை போதும்.

முருங்கைக்காய் கிலோ 9 யூரோ 90. போன முறை ஆறு காய் நிறுத்தேன், 600 கிராம். ஒரு காய் ஒரு யூரோ! ஊரில் வேலிக்கரையில் தொங்கிய காயை யாரும் எண்ணியதுகூட இல்லை. கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. காய் விமானத்தில் வருகிறது. அதோடு 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பச்சை மரக்கறி, இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஊருக்குப் போய் வருகிறவர்களின் பெட்டிக்கும் அதே சட்டம்தான். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், தூரியன் ஆகிய ஐந்துக்குத்தான் விலக்கு. முன்பு சித்தி ஈரத்துணியில் சுற்றி அனுப்பும் கறுவேப்பிலை அத்தோடு நின்றது. கருவாடு இன்னும் வருகிறது, ஆளுக்கு 20 கிலோ வரை மீன் கொண்டுவரலாம். ஆகவே கருவாட்டுக்கு இந்தக் கடையில் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு குறை. போன தை மாதம் கடையில் நின்ற பெடியன் காயைத் தொட விடாமல் தானே அள்ளிப் போட்டான். வீட்டில் வெட்டினால் மூன்று காய் முழுக்க நார், சதை வற்றி விதை கறுத்துப் போயிருந்தது. அடுத்த மாதம் சொன்னேன். முதலாளி அண்ணை மறுபேச்சில்லாமல் மூன்று காய் எடுத்துப் பையில் போட்டு, "முறுக்கிப் பாத்து எடுங்கோ தங்கச்சி, வளைஞ்சால் பிஞ்சு" என்றார். அப்புறம் நான் முறுக்கிப் பார்க்காமல் எடுத்ததில்லை.

கடைசிக் கணக்கு: ரயில் 38, மெத்ரோ 5, சாமான் 61. மொத்தம் 104 யூரோ. எங்கள் வீட்டுக்கு இது சின்னக் காசில்லை, மற்றச் சனிக்கிழமைகளில் வெளியே சாப்பிடுவதை விட்டுத்தான் சமாளிக்கிறோம். ஆனால் மாமிக்கு 81 வயது. மருந்து குடிப்பதற்காக மட்டும் இரண்டு வாய் சாப்பிடுகிறவர், முருங்கைக்காய்ப் பால்கறி வைத்த அன்று இரண்டாம் தரம் சோறு கேட்டார். சக்கையை மென்று கோப்பை ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

மரக்கறி வெள்ளிக்கிழமை பின்னேரம் இறங்கும். சனி காலை பதினொரு மணிக்கு முன் போய்விடுங்கள், பிந்தினால் கறுவேப்பிலை முடிந்துவிடும். இடியப்பம் வேண்டுமென்றால் முதல் நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும்.