கோட்டையூர் வீட்டில் இணையவழித் தொலைபேசி: பழைய தரைவழி இணைப்போடு ஒப்பிட்டு ஒரு மதிப்பீடு

செம்புக் கம்பியில் வரும் தரைவழித் தொலைபேசியை விட்டுவிட்டு, ஃபைபர் இணைய இணைப்போடு சேர்ந்து வரும் வீட்டுத் தொலைபேசிக்கு மாறலாமா என்று காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து உறவினர்கள் பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டு இணைப்புகளையும் ஒரு மழைக்காலம் முழுவதும் சேர்த்தே வைத்திருந்து பயன்படுத்திப் பார்த்தோம். மாறலாம் என்பதே என் முடிவு. குரல் தெளிவிலும் செலவிலும் புதியது மேலானது. ஆனால், தொலைபேசி எந்நேரமும் வேலை செய்யவேண்டும் என்ற பொறுப்பு இதுவரை தொலைபேசி எக்ஸ்சேஞ்சிடம் இருந்தது. மாறிய நாள் முதல் அது வீட்டுக்காரர் தலையில் வந்து விழுகிறது. வயதானவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடுகளும், ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளும் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் நிறைய இருப்பதால், இந்த ஒரு செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய தொலைபேசிக்கு நம் வீட்டு மின்சாரம் தேவைப்பட்டதே இல்லை. பேசுவதற்கான 48 வோல்ட் நேர்மின்சாரமும், மணி அடிப்பதற்கான மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அதே இரட்டைக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தன. அங்கே பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருந்ததால், ஊரே இருண்டு கிடந்தாலும் தொலைபேசி மட்டும் ஒலிக்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி வருமே தவிர மின்சாரம் வராது. அந்த ஒளியைக் குரலாக மாற்றும் பெட்டி நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அது 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. கரண்ட் போனால் பெட்டி அணையும், பெட்டி அணைந்தால் தொலைபேசியும் ஊமையாகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுக்கும் நாட்களில், இந்த வேறுபாடு முதல்முறையிலேயே தெரிந்துவிடும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ திரும்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம்மிடையே வழக்கம். பழைய மின்கம்பிகள் ஓடும் தேக்குமர வீட்டில் அது அவசியமும்கூட. செம்புக் கம்பி இருந்தவரை, மெயினை அணைத்த பிறகும் தொலைபேசி வேலை செய்தது. காவல்காரர் முகப்பில் இருந்தபடி எடுத்துப் பேசுவார். புதிய இணைப்பில் மெயினை அணைத்தால் தொலைபேசியும் சேர்ந்து அணைகிறது. இதற்காக எலக்ட்ரீசியனை அழைத்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் தனி எம்சிபி (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) வைத்து ஒரு லைன் பிரித்துக்கொள்வது நல்லது. செலவு அதிகமில்லை, இணைப்புக் கொடுக்க ஆள் வருவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

மின்தடையைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைன் வீட்டின் எந்தெந்தக் கட்டுக்கு, அதாவது பகுதிக்கு, போகிறது என்று பார்த்து, அந்த லைனில் உள்ள பிளக்கில் பெட்டியைச் செருகவேண்டும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன் நடுமுற்றமுள்ள வளவோடு நின்றுவிட்டிருந்தது. பட்டாலைக் கூடத்தில் பெட்டியை மாட்டினால் பயன் இருந்திருக்காது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரூட்டருக்கென்றே விற்கும், பேட்டரி வைத்த சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் போதும். காரைக்குடியில் கணினிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். நாள் முழுவதும் நீளும் பராமரிப்பு நிறுத்தத்துக்குத் தாங்காது. அடாப்டரின் ஆம்பியர் அளவைப் பார்த்து அதற்கு ஈடுகொடுக்கும் யுபிஎஸ் வாங்கவேண்டும், இல்லையென்றால் பெட்டி அணைந்து அணைந்து எரியும்.

நம் வீட்டில் மின்சாரம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தெருவில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, அது கவலையில்லை. ஆனால் மறுமுனையில், நிறுவனத்தின் அல்லது உள்ளூர் முகவரின் அறையில் இருக்கும் கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதே பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி என்று நான் நினைக்கிறேன். எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) வேகம் என்பது தொலைபேசிக்கு முக்கியமே இல்லை; ஓர் உரையாடலுக்கு நொடிக்கு 64 கிலோபிட், குரலைத் துண்டுதுண்டாக அனுப்பும் பாக்கெட்டுகளின் மேலுறையெல்லாம் சேர்ந்தாலும் 100 கிலோபிட்டைத் தாண்டாது. 30 எம்பிபிஎஸ் கொண்ட மிகக் குறைந்த திட்டமே தாராளம்.

அடுத்தது வீட்டின் அமைப்பு. ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் வீடுகள் நம்முடையவை. வைஃபை அலை நம் கனத்த செங்கல் சுவர்களில் ஒன்றைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. இரசம் பூசிய பெல்ஜியம் கண்ணாடிகளும் இரும்பு அலமாரிகளும் அதைத் திருப்பி அனுப்புகின்றன. முகப்பில் பெட்டியை மாட்டினால் இரண்டாங்கட்டில் கைப்பேசிக்கு இணையம் கிடைக்காது. ஆனால் வீட்டுத் தொலைபேசிக்கு வைஃபை தேவையே இல்லை. பெட்டியின் பின்புறம் தொலைபேசிக்கென்று ஒரு துளை இருக்கிறது, அதில் சாதாரண தொலைபேசி வயரைச் செருகினால் போதும். முகப்பிலிருந்து அடுப்படி வரை முன்பே இழுத்து வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பிகளையும் அதிலேயே கோத்துவிடலாம்.

இதை எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். பழைய கம்பிகள் வந்து சேரும் சிறு பெட்டியில், வெளியிலிருந்து வரும் ஜோடியை முதலில் கழற்றிவிட வேண்டும், அது கட்டாயம். எக்ஸ்சேஞ்சின் மின்சாரமும் புதிய பெட்டியின் மின்சாரமும் ஒரே கம்பியில் சந்தித்தால் கருவி கெட்டுப்போகும். கழற்றிய பிறகு, புதிய பெட்டியின் தொலைபேசித் துளையிலிருந்து ஒரு வயரை அங்கே கொடுத்ததும் பட்டாலையிலும் இரண்டாங்கட்டிலும் இருந்த பழைய கருவிகள் இரண்டும் ஒன்றாக மணியடித்தன. அடுப்படியில் இருந்தாலும் ஓடாமல் எடுக்க முடியவேண்டும் என்பதே எங்கள் அப்பத்தா வைத்த ஒரே நிபந்தனை, அது நிறைவேறியது. இரண்டு, மூன்று கருவிகளுக்கு மேல் கோத்தால் மணி ஓசை மங்கும். விரல்விட்டுச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசியை இன்னும் துடைத்து வைத்திருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: அழைப்பு வந்தால் அதில் பேச முடியும், ஆனால் எண்ணைச் சுழற்றி அழைப்பதைப் பெரும்பாலான புதிய பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை.

ஃபைபரை உள்ளே கொண்டுவரும் வேலையை அருகிலேயே நின்று பார்ப்பது நல்லது. இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர்கள் திறமையானவர்கள்தான், இருந்தாலும் வழுவழுப்பாகத் தேய்த்து முடித்த நூற்றாண்டுப் பழமையான சுண்ணாம்புப் பூச்சில் டிரில் வைத்தால் எவ்வளவு பெயரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெயர்ந்த பூச்சை அதே மெருகில் திரும்பப் பூசக்கூடிய கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. பழைய தொலைபேசிக் கம்பி நுழைந்த துளையே போதும். அதன் வழியாகவே எடுத்துவரச் சொன்னோம். நிலைக்கதவின் ஓரத்தில் செங்குத்தாக மடித்து ஆணி அடிக்கவும் விடக்கூடாது. கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்து, இணைப்பு அடிக்கடி அறுபடும். மூலைகளில் வளையல் அளவுக்கு அகலமான வளைவு கொடுக்கவேண்டும்.

குரலைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத முடிகிறது. ஐப்பசி மழையில் செம்புக் கம்பியின் இணைப்புகளில் ஈரம் இறங்கி இரைச்சல் கேட்பது நம் எல்லோருக்கும் பழகிய ஒன்று. மறுமுனையில் பேசுவது சிங்கப்பூரிலிருக்கும் மகனா, மருமகனா என்றே தெரியாமல் கத்திப் பேசியிருக்கிறோம். அதே மழையில் புதிய தொலைபேசியில் இரைச்சல் துளியும் இல்லை. இடி மின்னல் நாட்களில் வெளிக்கம்பி வழியாக மின்னழுத்தம் பாய்ந்து கருவி எரிந்துபோகும் அபாயமும் குறைந்திருக்கிறது, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால். எனினும் மின்சார லைன் வழியாக வரும் ஆபத்து அப்படியே இருக்கிறது. கடும் இடியின்போது அடாப்டரைக் கழற்றிவைப்பதே பாதுகாப்பு.

சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது. நிறுவனம் தரும் செயலியைக் கைப்பேசியில் போட்டு, அதே வீட்டு எண்ணிலிருந்து பேசும்போது, மறுமுனையும் இடம் கொடுத்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. காது மந்தமானவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது, ஏனெனில் ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. பழைய கருவியைப் பெட்டியில் செருகிப் பேசும்போது இந்த நன்மை பெரும்பாலும் கிடைப்பதில்லை. தாமதம் ஒன்றுதான் இணையவழிக் குரலின் இயல்பான குறை. ஒரு திசைக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் தடைபடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல்; உள்நாட்டு அழைப்புகளில் தாமதத்தை நாங்கள் உணரவே இல்லை.

என்னை வருத்திய செய்தி எண்ணைப் பற்றியது. கைப்பேசி எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் வசதி நாடு முழுவதும் 2011 முதல் இருக்கிறது; தரைவழி எண்ணுக்கு அது இல்லை. நிறுவனம் மாறினால் 04565 என்ற காரைக்குடிக் குறியீடு அப்படியே இருக்கும், அதன் பின்னுள்ள எண் மாறிவிடும். கோயில் புள்ளிக் கணக்கில் (குடும்பப் பதிவேட்டில்), திருமணப் பத்திரிகைகளில், மலேசியாவிலிருக்கும் உறவினர்களின் பழைய நோட்டுகளில், கேஸ் புத்தகத்தில், வங்கியில் என்று எங்கெல்லாமோ அந்தப் பழைய எண்தான் பதிவாகியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் செம்புக் கம்பி இருக்கிறதோ அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினால் எண்ணைத் தக்கவைக்க வழியுண்டா என்று முதலில் விசாரிப்பது நல்லது. அது முடியாதவர்கள், அடுத்த நகரத்தார் திருமண முகூர்த்தக் காலம் முடியும்வரையாவது பழைய இணைப்பை விடாமல் வைத்திருக்கவேண்டும். நாங்கள் இரண்டையும் சேர்த்து வைத்திருந்ததற்கு இதுவே காரணம். அந்த மாதங்களில் பழைய எண்ணுக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல், நாங்கள் தகவல் சொல்ல மறந்திருந்த உறவினர்களுடையவை.

இதற்கு ஈடாக ஒரு நன்மை கிடைத்தது. செயலி இருப்பதால் கோட்டையூர் வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பைச் சென்னையிலிருந்தபடி எடுக்க முடிகிறது. அப்பத்தா கோயிலுக்குப் போயிருந்தாலும் அழைப்பு வீணாவதில்லை. சாந்திக் கல்யாண அழைப்பு சொல்ல ஊர் வீட்டு எண்ணை அழைக்கும் பங்காளிகள், ஆளில்லாத வீட்டில் மணி அடித்து ஓய்வதைக் கேட்கவேண்டியதில்லை. பூட்டிய வீடுகளுக்கு இந்த ஒரு நன்மைக்காகவே புதிய இணைப்பைப் பரிந்துரைக்கலாம் என்ற அளவுக்கு இது எனக்குப் பிடித்திருக்கிறது.

செலவு: திட்டத்துக்கு மாதம் 399 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக ஏறத்தாழ 471 ரூபாய். இணையமும் உள்நாட்டு அழைப்புகளும் அதில் அடங்கும். வெளிநாட்டு அழைப்புகள் அடங்காது; இணையவழி என்பதால் சிங்கப்பூருக்கும் இலவசம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுத் தொலைபேசியில் +65, +60 எண்களை அழைத்தால் தனிக் கட்டணம் உண்டு. கைப்பேசியை அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்கவேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் இருக்கும் விதி இதற்கும் பொருந்துகிறது.

பழுது பார்ப்பில்தான் சேவையின் மதிப்பெண் குறைகிறது. வைக்கோல் ஏற்றிய லாரி தெருவில் ஃபைபரை இழுத்துக்கொண்டு போனபோது, வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் வந்து சேர நாட்கள் ஆயின. பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் அறுந்திருக்கிறது என்று பொருள், அணைத்துப் போடுவதால் பயனில்லை. எல்லா விளக்கும் சரியாக இருந்து தொலைபேசி விளக்கு மட்டும் எரியாவிட்டால், குரல் சேவையின் பதிவு, அதாவது நிறுவனத்தின் கருவியோடு பெட்டிக்குள்ள தொடர்பு, அறுந்திருக்கிறது. அதற்கு அணைத்துப் போடுவது பெரும்பாலும் உதவும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், வீட்டிலிருக்கும் பெரியவர்களே பார்த்துச் சொல்லிவிட முடியும்.

வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு 108-ஐ அழைக்கும் ஒரே வழியாக இந்தத் தொலைபேசியை நம்பக்கூடாது. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி ஒன்றைச் சார்ஜ் போட்டு, சிக்னல் கிடைக்கும் வளவில் வைத்திருக்கவேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வீட்டில் செம்புக் கம்பியை இப்போதைக்கு விடவேண்டாம். விடுவதென்று முடிவானால், எழுத்துமூலமாக விண்ணப்பம் கொடுத்து, கருவி நிறுவனத்துடையதாக இருந்தால் அதையும் ஒப்படைத்து, பாக்கி இல்லை என்ற ரசீதையும் கட்டிவைத்த டெபாசிட் தொகையையும் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். இணைப்பு தாத்தாக்கள் பெயரில் இருக்கும் வீடுகளில் டெபாசிட்டைத் திரும்பப் பெற வாரிசுச் சான்று கேட்கக்கூடும் என்பதால், பெயர் மாற்றத்தை முன்கூட்டியே முடித்துவைப்பது அலைச்சலைக் குறைக்கும்.