முன் மட்கார்டு: கழன்று வர வேண்டிய கிளிப் எங்கே?

ஹைபிரிட் சைக்கிளுக்கென்று விற்கும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மட்கார்டு ஜோடியின் விலை இப்போது பாதியாகிவிட்டது. ஐப்பசி நெருங்குகிறது, நெடுநாளாகப் பயன்படுத்துகிறவர் என்ற முறையில் சொல்லுங்கள், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு மழையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். மேலிருந்து விழும் மழையை ரெயின்கோட் பார்த்துக்கொள்ளும். சாலையோரம் தேங்கிக் கிடந்து டயர் வாரி மேலே இறைக்கும் தண்ணீருக்குத்தான் வழியில்லை. இந்த மட்கார்டு 45 மி.மீ. அகலம். என் 35 மி.மீ. டயரை இரண்டு பக்கமும் தாராளமாக மூடியது. சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழுவது அதோடு நின்றது. நான் எதிர்பாராத நன்மை செயினுக்குக் கிடைத்தது. முன்சக்கரம் தெறிக்கும் மணல் கலந்த தண்ணீர் நேராகப் பெடல் பக்கம்தான் போய் விழும். அந்த மணல்தான் செயினை அரைத்துத் தின்னும். முன் மட்கார்டு மாட்டிய பிறகு, மழைக்காலம் முடிந்தும் செயின் கரகரக்காமல் ஓடியது. இதற்காக மட்டுமே முழு விலையையும் கொடுக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி கிளிப் விஷயம். முன் மட்கார்டைத் தாங்கும் கம்பிகள், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியில் வந்து சேரும் இடத்தில், நான் வாங்கிய முதல் ஜோடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருந்தது. கம்பி முனை அதற்குள் அழுந்தி நிற்கும். பலமாக இழுத்தால் கழன்று வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது மலிவான வேலை போலத் தோன்றும். உண்மையில் மட்கார்டிலேயே மிக முக்கியமான பாகம் அதுதான். முன்சக்கரத்தின் பின்பாதி ஓடும்போது கீழிருந்து மேலே ஏறுகிறது. குச்சியோ கம்பித்துண்டோ ஸ்போக்ஸில் மாட்டினால், சக்கரம் அதை மேலே தூக்கிக்கொண்டு போய் மட்கார்டு கம்பியில் மோதவிடும். கம்பி அசையாமல் நின்றால் மட்கார்டு சுருண்டு ஃபோர்க்கின் தலைப்பக்கம் அடைத்துக்கொள்ளும். முன்சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார். பின்சக்கரம் இப்படிச் சிக்கினால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு நிற்கும். முன்சக்கரம் அந்த அவகாசத்தைத் தராது. மின்சாரத்துக்கு ஃபியூஸ் எதற்கோ, முன் மட்கார்டுக்கு இந்தக் கிளிப் அதற்கு.

எனக்கே அது நேர்ந்தது. மழை விட்ட ஒரு காலை, சாலையில் கிடந்த தூங்குமூஞ்சி மரக்குச்சி ஒன்று சக்கரத்தில் ஏறியது. 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு பக்கக் கம்பி கிளிப்பிலிருந்து கழன்று, மட்கார்டின் வால் விலகி ஆடியது. சக்கரம் நிற்கவில்லை. ஓரமாக நிறுத்தி, குச்சியை எடுத்துப் போட்டு, கம்பியைக் கையாலேயே கிளிப்பில் அழுத்திவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கிளிப்பை வடிவமைத்தவருக்கு மனதார நன்றி சொன்னேன்.

பிறகு ஃபோர்க்கின் தலையில் மாட்டும் தகட்டருகே, ரிவெட் துளையிலிருந்து ஒரு வெள்ளைக் கீற்று கிளம்பியது. கறுப்பு பிளாஸ்டிக்கில் மயிரிழை அளவுதான்; சில வாரங்களில் விளிம்பு வரை ஓடிவிட்டது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. நிறுவனத்துக்குப் படமும் ரசீதும் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் புதிய ஜோடி அனுப்பிவைத்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்தால் கிளிப் இல்லை! கம்பியின் முனையைத் தட்டையாக்கித் துளையிட்டு, ஃபோர்க்கில் நேராக போல்ட் போட்டு முறுக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டால், "சார், கிளிப் கழன்றுவிடுகிறது என்று நிறையப் புகார் வந்தது. இது இன்னும் உறுதியானது" என்கிறார்கள். கழன்று வருவதுதானே அதன் வேலை! அதைப் புகாராக எண்ணிப் பாகத்தையே எடுத்துவிட்டவர்கள், ஏன் வைத்தார்கள் என்று யோசிக்கவே இல்லையா?

தனியாகக் கிளிப் வாங்கிப் போடலாம் என்றால், தட்டையான முனையை எந்தக் கிளிப்பும் பிடிக்காது. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் நல்ல வேலைக்காரர். "நட்டுப் போட்டு இறுக்கிவிடுகிறேன் தம்பி, ஆயுசுக்கும் ஆடாது" என்றார். அவர் கைபழகியது பழைய கறுப்பு சைக்கிள்களில். அவற்றில் இரும்பு மட்கார்டு கனமானது, எளிதில் சுருளாது. டயருக்கு மேலே விரல் நுழையும் இடம் இருக்கும். குச்சி வந்த வழியே போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக்கும் குறுகிய இடைவெளியும் உள்ள இந்த வண்டிக்கு அந்த வைத்தியம் ஆபத்து. சொன்னதும் புரிந்துகொண்டார், இறுக்கவில்லை.

இது என் தனிப்பட்ட பயம் அல்ல. மிதிவண்டிப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரநிலையில் முன் மட்கார்டுக்கென்றே சோதனை இருக்கிறது. ஸ்போக்ஸுக்கு நடுவே 12 மி.மீ. எஃகுக் கம்பியைச் செருகி, மட்கார்டு கம்பியின் மேல் தள்ளி, சக்கரம் தடைபடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். போன்ற நிறுவனங்கள் முன் மட்கார்டுக்குக் கழலும் கிளிப் வைத்தே விற்கின்றன. தெரியாத தொழில்நுட்பம் ஒன்றுமில்லை இதில்.

நான் இப்போது மறுபடியும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விரிசல் விட்ட பழைய மட்கார்டை, கிளிப்போடு, பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த நிலையில் இருப்பவர்கள் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தொலைபேசியில் பேசியதோடும் விட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வடிவமைப்புக் குறையால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் யாராவது பல்லை உடைத்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கோபம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் இடமாவது வேண்டும். பின்னால் கீழ் நுனியிலிருந்து ஃபோர்க்கை நோக்கிப் போகப் போக அந்த இடைவெளி குறையக் கூடாது. குறைந்தால் உள்ளே நுழைந்தது நடுவில் சிக்கும். அகலமான டயர் மாற்றினால் மறுபடியும் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

நண்பருக்குப் பதில்: பாதி விலைக்கு மட்டுமல்ல, இனாமாகக் கொடுத்தாலும் இந்த முன் மட்கார்டை மாட்டாதீர்கள். நான் கழற்றிவிட்டேன்; ஷூ நனைகிறது, செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. பின் மட்கார்டு அருமையானது. அதை மட்டும் தனியே தருவார்களா என்று கடையில் கேளுங்கள். தந்தால் மழைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.