தண்டையார்பேட்டையில் நம்பி ஆதார் கொடுக்கக்கூடிய ஒரு ஜெராக்ஸ் கடை

எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான். லோன் போடும் சமயத்தில் எல்லாருடைய ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கும் என் கைக்குத்தான் வரும். என்னை நம்பித் தருகிறார்கள். அதனால் எந்தக் கடையில் நகல் எடுக்கிறேன் என்பதில் நான் ரொம்பக் கறார்.

முன்பு போன கடை வேறு. அங்கே ஒருமுறை தொகையைக் கூட்டி எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்னால் யாரோ ஒரு பெண்ணின் ஆதார். பிரிண்ட் கோணலாக விழுந்ததால் வீண் தாளில் சேர்த்திருக்கிறார்கள். முகம், கதவு எண், தெரு, 12 இலக்கம் எல்லாமே பளிச்சென்று இருந்தன. வீட்டுக்கு வந்து பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டேன். அதன்பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

இப்போது போகும் கடை, தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பலகையில் 'ஜெராக்ஸ், ஆன்லைன் சர்வீஸ்' என்று மட்டும் போட்டிருக்கும். கறுப்பு வெள்ளை 2 ரூபாய், கலர் 10 ரூபாய். விலை மற்ற கடைகளில் வாங்குவதுதான்.

இங்கே எனக்குப் பிடித்தது, கம்ப்யூட்டர் திரையை வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருப்பது. நம் பைலை எங்கே இறக்குகிறார்கள், எத்தனை காப்பி கொடுக்கிறார்கள் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்டதும் கடைத் தம்பி கீபோர்டை நம் பக்கம் தள்ளி, "நீங்களே அடிங்கக்கா" என்பார். பெயரின் முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து, பிறந்த வருஷம், இவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்டு. வேறு கடைகளில் பத்துப் பேர் நிற்கும்போது அதைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். பைலும் அவர்களிடம், பூட்டின் சாவியும் அவர்களிடம் என்றால் பூட்டு எதற்கு?

பிரிண்ட் வந்ததும் பைலை ஷிப்ட் டெலீட் அடித்து, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் அழிக்கிறார், வாட்ஸ்அப்பில் வந்ததையும் நம் எதிரிலேயே அழிக்கிறார். பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கிய ஆதாரை அழித்துவிடச் சொல்லி ஆதார் ஆணையமே சொல்கிறது. ஆனால் செய்கிற கடையை நான் பார்த்தது இங்கேதான். முதல் 8 இலக்கம் மறைத்து, கடைசி 4 மட்டும் தெரிகிற ஆதாரையும் இறக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். முழு எண் தேவையில்லாத இடங்களுக்கு இப்போது அதைத்தான் கொடுக்கிறேன்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வாங்கிய காரியம் முடிந்தால் தகவலை அழிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தங்கள் ஆதார் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்று அவர்களால் எப்படித் தேடிப் பார்க்க முடியும்? கடைக்காரர்தான் பொறுப்பாக இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. மாலையில் கூட்டம் நெருக்கும், வரிசை கிடையாது, பின்னால் நிற்பவருக்கும் அதே திரை தெரியும். அடுத்தவர் தள்ளி நிற்கும்படி ஒரு கோடாவது போடலாம். கெட்டுப்போன தாளைக் கையால் இரண்டாகக் கிழித்துக் கூடையில் போடுகிறார்கள், அது போதாது. பெரியவர்களுக்கு ஓடிபி வந்தால் தம்பியே போனை வாங்கிப் பார்த்துக்கொள்கிறார். அவசரத்துக்குச் செய்வதுதான் என்றாலும் எனக்குச் சம்மதமில்லை, நேரிலேயே சொல்லிவிட்டேன். தாள் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். வாங்கட்டும்.

போவதென்றால் காலையில் போங்கள். மதியம் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள்.