கோதுமை மணியில் காட்மியம்: சுண்ணாம்பா, துத்தநாகமா, ரகமா?

வயல் மண்ணிலுள்ள கன உலோகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கோதுமை மணியை எட்டுவதில்லை. ஈயம் மண்துகள்களோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. வேருக்குள் நுழைவதும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. காட்மியமோ மண்நீரில் எளிதில் கரைந்து, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகிய சத்துகளைக் கடத்தும் புரதங்களின் வழியே வேருக்குள் புகுந்துவிடுகிறது. பயிரில் எந்த வாட்டமும் தெரியாத நிலையிலேயே, உண்பவருக்குத் தீங்கான அளவில் அது மணியில் சேர்ந்துவிடக்கூடும் என்பதே பெரிய கவலை. மனிதச் சிறுநீரகத்தில் அது பல ஆண்டுகள் தேங்குவதால், கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு கோதுமைக்கு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் சாதாரண (ரொட்டிக்) கோதுமைக்கான தன் வரம்பை 0.1 ஆகக் குறைத்தது.

இதைத் தடுக்கப் பலரும் முதலில் நாடுவது சுண்ணாம்பு. அமில மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) உயர்ந்து 6.5ஐ நெருங்கும்போது காட்மியம் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு வேருக்கு எட்டாமற்போகிறது. எனினும், மேல்மண்ணில் மட்டும் கலக்கும் சுண்ணாம்பு, ஆழத்தில் இறங்கிய வேர்களுக்கு உதவுவதில்லை. ஏற்கெனவே காரமான மண்ணில் அதனால் பயனுமில்லை. அதைவிட முக்கியமாக, ஆர்சனிக்கும் கலந்துள்ள நிலத்தில் பிஎச் உயர்வு அந்த நஞ்சை மேலும் இளக்கிவிடக்கூடும். ஆகவே மண் பரிசோதனை இல்லாமல் சுண்ணாம்பு இடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சுண்ணாம்பு மிகுந்தால் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமற்போகும். துத்தநாகம் குறைந்த மண்ணில்தான் கோதுமை காட்மியத்தைக் கூடுதலாக இழுக்கிறது. இவ்விரு தனிமங்களும் வேதியியலில் நெருங்கியவை. வேர் நுழைவிலும், இலையிலிருந்து மணிக்குச் செல்லும் பாதையிலும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. எனவே பற்றாக்குறையுள்ள வயலில் துத்தநாக சல்பேட்டை மண்ணில் இடுவதோ இலைவழியே தெளிப்பதோ மணியின் சத்தையும் கூட்டி, காட்மியத்தையும் குறைக்கும் வாய்ப்புண்டு. துத்தநாகம் போதுமான அளவு இருக்கும் வயலில் இந்தப் பலன் மங்கிவிடும். தொழிற்சாலைக் கழிவிலிருந்து தயாராகும் மலிவான துத்தநாக உரத்திலேயே காட்மியம் கலந்திருக்கக்கூடும் என்பதால், உரத்தின் தூய்மையையும் கேட்டறிய வேண்டும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ரகத் தேர்வு, குறிப்பாகப் பாஸ்தா செய்யப் பயன்படும் டியூரம் கோதுமையில். அது இயல்பாகவே ரொட்டிக் கோதுமையைவிட அதிகக் காட்மியத்தை மணியில் சேர்க்கும். ஹெச்எம்ஏ3-பி1 என்ற மரபணு சரியாக இயங்கும் ரகங்கள் காட்மியத்தை வேர்ச் செல்லின் நுண்குமிழிக்குள்ளேயே பூட்டிவைத்து, தண்டுக்கு ஏறாமல் தடுக்கின்றன. அது செயலிழந்த ரகங்களோடு ஒப்பிட்டால் மணியில் காட்மியம் ஏறத்தாழ பாதியாகிறது. கனடாவின் ஸ்ட்ராங்ஃபீல்ட் அத்தகைய ரகம். விதையை மாற்றினாலே போதும், ஆண்டுதோறும் தனிச் செலவு வேண்டியதில்லை என்ற வசதி மற்ற இரண்டு வழிகளுக்கும் இல்லை. ரொட்டிக் கோதுமையில் இவ்வளவு பெரிய விளைவைத் தரும் ஒற்றை மரபணு பரவலான பயன்பாட்டில் இல்லை என்பதால், அங்கே துத்தநாகத்துக்கே முன்னுரிமை தருவேன்.

உலோகத்தை உறிஞ்சித் திரட்டும் செடிகளை வளர்த்து மண்ணையே தூய்மையாக்கும் முறை பல ஆண்டுகள் பிடிப்பது. விளைச்சலை நம்பி வாழ்பவருக்கு அது எளிதில் ஒத்துவராது. உருக்காலைக் கழிவு படிந்து மிகவும் கெட்டுப்போன நிலத்தில் குறைகாட்மிய ரகத்தின் மணிகூட வரம்பைத் தாண்டக்கூடும். அத்தகைய நிலத்தில் உணவுக் கோதுமையை நிறுத்திவிட்டு, நார்ப்பயிர் போன்ற உணவல்லாத பயிருக்கு மாறுவதே நேர்மையான முடிவு.